அத்தியாயம் 6: பழைய ஷெவி பிக்கப்புக்கு 383 ஸ்ட்ரோக்கர்

1967 முதல் 1972 வரை வந்த ஷெவர்லே சி10 பிக்கப்பின் பானட்டுக்குள் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. 1968-இலிருந்து 396 என்ற பிக் பிளாக் எஞ்சினையே கம்பெனி அதில் வைத்து விற்றது. அப்படியிருக்க, சாதாரண 350 ஸ்மால் பிளாக்கைப் பிரித்து அதற்குள்ளேயே பெரிய எஞ்சினைக் கட்டுவானேன்? பிக் பிளாக் கனமானது. அத்தனை கனமும் முன் சக்கரத்தின் மேல் வந்து உட்காரும். விலையும் கூடுதல், பாகங்களும் அரிது. 350 பிளாக்கோ அமெரிக்காவில் எந்த ஊர் பழைய இரும்புக் கடையிலும் கிடைக்கிறது. கட்டி முடித்த 383, வெளியிலிருந்து பார்க்க அச்சு அசலாக 350-தான். அதே மவுண்ட், அதே வாட்டர் பம்ப், அதே ஆல்டர்னேட்டர் பிராக்கெட். வண்டியின் பழைமை கெடாது.

கணக்கு எளிது. 350-இன் போர் 4.00 அங்குலம், ஸ்ட்ரோக் 3.48. போரை 30 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் லேத் பட்டறையில் தௌ என்கிறோம்) பெரிதாக்கி 4.030 ஆக்கி, 3.75 அங்குல ஸ்ட்ரோக் உள்ள கிராங்கைப் போட்டால் 382.7 கன அங்குலம் வருகிறது. லிட்டரில் 6.27. கூடிய 33 கன அங்குலத்தில் போரிங் தந்தது வெறும் 5. மீதி முழுக்க ஸ்ட்ரோக் தந்தது. இதனால் கிடைக்கும் ஆதாயம், கீழ் ஆர்.பி.எம்.-இலேயே கிடைக்கும் இழுவை. பின்னால் அரை டன் சரக்கோடு ஏற்றத்தில் ஏறுகிற வண்டிக்கு 6,500 ஆர்.பி.எம்.-இல் வருகிற எச்.பி. எதற்கு? 2,000 முதல் 4,500 வரைதான் அதன் வாழ்க்கை. ரேஸ் காரைவிட பிக்கப்புக்குத்தான் ஸ்ட்ரோக்கர் பொருத்தம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பாகம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கிரைஸ்லர் கம்பெனிக்கும் 383 என்று ஒரு எஞ்சின் உண்டு. அது 4.25 அங்குல போர் உள்ள வேறு ஜாதி. அதன் கேஸ்கெட்கூட இதற்குப் பொருந்தாது. எண்ணை மட்டும் சொல்லி ஆர்டர் கொடுக்காதீர்கள்.

இனி இந்த அத்தியாயம் முழுக்க ஓர் அளவு உங்களை விடாமல் துரத்தும். ஸ்ட்ரோக் 3.48-இலிருந்து 3.75 ஆவதென்றால், கிராங்க் பின்னின் மையம் சுழற்சி மையத்திலிருந்து 1.740 அங்குலத்துக்குப் பதிலாக 1.875 அங்குலம் தள்ளி நிற்கும். கூடுவது 0.135 அங்குலம், ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர். அந்த மூன்றரை மில்லிமீட்டருக்கு மேலும் கீழும் பக்கவாட்டிலும் இடம் கண்டுபிடிப்பதுதான் ஸ்ட்ரோக்கர் கட்டும் வேலை. மற்றதெல்லாம் எந்த எஞ்சினுக்கும் செய்கிற வேலைதான்.

இடம் ஏன் இல்லை என்பதற்கு 1955-க்குப் போக வேண்டும். அந்த வருஷம் எட் கோல் தலைமையில் ஷெவர்லே கொண்டுவந்த முதல் ஸ்மால் பிளாக் 265 கன அங்குலம், ஸ்ட்ரோக் சரியாக 3 அங்குலம். அந்த அளவுக்கு வரைந்த பிளாக்கிலேயே 1962-இல் 3.25 அங்குல ஸ்ட்ரோக்கோடு 327, 1967-இல் 3.48-ஓடு 350, 1970-இல் 3.75-ஓடு 400 என்று கிராங்க் வளர்ந்துகொண்டே போனது. ஆனால் கிராங்க் மையத்துக்கும் கேம் மையத்துக்கும் இடையிலான 4.521 அங்குலம் மாறவில்லை. கிராங்க் மையத்திலிருந்து பிளாக்கின் மேல் முகம் வரை உள்ள 9.025 அங்குலமும் மாறவில்லை. 400-ஐ உள்ளே அடைக்க கம்பெனி கனெக்டிங் ராடையே 5.7-இலிருந்து 5.565 அங்குலமாகக் குறைத்தது. பிற்பாடு அந்த 400-இன் கிராங்கை எடுத்து, அதன் 2.65 அங்குல மெயின் ஜர்னலை லேத்தில் 2.45-ஆகக் கடைந்து 350 பிளாக்கில் போட்டவர்கள் ஹாட் ராடுக்காரர்கள். 383 பிறந்தது அப்படித்தான். எந்த ஷெவர்லே காரிலும் கம்பெனி அதை வைத்து விற்றதில்லை. இன்று கடைகிற வேலை வேண்டாம், 2.45 ஜர்னலோடு 3.75 ஸ்ட்ரோக் கிராங்க் புதிதாகவே கிடைக்கிறது.

பிளாக் தேர்வு

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது என்ன என்று பாருங்கள். அந்த வருஷங்களின் சி10-களில் 250, 292 என்ற நேர்வரிசை ஆறு சிலிண்டர்களும் 307 வி8-உம் நிறைய வந்தன. 307-இன் போர் 3.875 அங்குலம். அதை 4.030 ஆக்க 155 தௌ கடைய வேண்டும், சுவர் தாங்காது. 1976 முதல் வந்த 305-இன் போர் இன்னும் சின்னது, 3.736. வெளியிலிருந்து பார்த்தால் இவை எல்லாம் ஒரே முகம். 305-ஐ 350 என்று தள்ளிவிடுகிற விற்பனையாளர் எல்லா ஊரிலும் உண்டு. டிரைவர் பக்கம், பெல் ஹவுசிங் பொருந்தும் விளிம்பில் வார்ப்பு எண் இருக்கும். 3970010 என்றால் பெரும்பாலும் 350. ஆனால் 1969-இல் அதே எண்ணில் 302, 327-உம் வந்திருக்கின்றன. ஆகவே ஒரு ஹெட்டைக் கழற்றி போரில் வெர்னியர் வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இரண்டு போல்ட் மெயின் கேப்பா, நான்கு போல்ட்டா என்பது ஆயில் பேனைக் கழற்றினால்தான் தெரியும். நான்கு போல்ட் பிளாக்குக்காக மாதக்கணக்கில் அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 400 எச்.பி. அளவில் ரோட்டில் ஓடுகிற எஞ்சினுக்கு, நல்ல போல்ட் போட்ட இரண்டு போல்ட் பிளாக்கே தாராளம். அந்தக் காசை ஹெட்டில் போடுங்கள்.

இதைவிட முக்கியமானது ரியர் மெயின் சீல். 1985 வரை இரண்டு துண்டு சீல். 1986 முதல் ஒரே துண்டு. கிராங்கின் பின் விளிம்பே இரண்டுக்கும் வேறு, பேனும் வேறு. டிப்ஸ்டிக் 1980 வாக்கில் டிரைவர் பக்கத்திலிருந்து மறுபக்கம் போனது. அதற்கேற்பவும் பேன் மாறும். எந்த பிளாக் என்று முடிவு செய்த பிறகே கிராங்க் வாங்க வேண்டும். 1996 முதல் 2002 வரை பிக்கப்களிலும் வேன்களிலும் வந்த எல்31 பிளாக் ரோலர் லிஃப்டரோடு வருவதால் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதில் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்புக்கான துளை பெரும்பாலும் இருக்காது. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிக்கு எலக்ட்ரிக் பம்ப் போட வேண்டிவரும்.

பிளாக் கிடைத்ததும் மெஷின் ஷாப்புக்கு அனுப்புங்கள். சுடு தொட்டியில் கழுவி, விரிசல் சோதித்து, போரைக் கடைந்து ஹோன் செய்து, மேல் முகத்தை மட்டம் தட்டுவார்கள். ஹோன் செய்யும்போது டார்க் பிளேட் போட்டுத்தான் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஹெட் போல்ட்டை முடுக்கியதும் போர் நெளியும். நெளிந்த நிலையில் வட்டமாக இருப்பதுதான் வேண்டியது. ஆனால் கடைசிக் கழுவலுக்கு முன் பிளாக்கை ஒருமுறை வீட்டுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்பது அடுத்து வருகிறது.

கிராங்க், ராட், பிஸ்டன்

ஸ்ட்ரோக்கும் ராடும் பிஸ்டனும் ஒரே கூட்டலுக்குள் அடங்க வேண்டும். ஸ்ட்ரோக்கில் பாதி, ராட் நீளம், பிஸ்டன் பின் மையத்திலிருந்து அதன் தலை வரை உள்ள உயரம். மூன்றையும் கூட்டினால் 9 அங்குலம் வர வேண்டும். பழைய 350-இல் 1.740, 5.700, 1.560, கூட்டினால் 9.000. 383-இல் 5.7 ராட் போட்டால் பிஸ்டன் உயரம் 1.425 ஆக வேண்டும். 6 அங்குல ராட் போட்டால் 1.125-தான் மிஞ்சும். 9.025 உயர பிளாக்கில் எதைப் போட்டாலும் பிஸ்டன் 25 தௌ கீழே நின்றுவிடும்.

5.7-ஆ, 6.0-ஆ என்பது முடியாத பட்டிமன்றம். ராட் நீளத்தை ஸ்ட்ரோக்கால் வகுத்தால் 5.7-க்கு 1.52, 6.0-க்கு 1.60, பழைய 350-க்கு 1.64. ராட் நீளமானால் பிஸ்டன் சுவரில் சாய்ந்து உராய்வது குறையும். ஆனால் பிஸ்டன் உயரம் 1.125 ஆனதும் பின் துளை ஆயில் ரிங் பள்ளத்துக்குள் ஏறிவிடும். அங்கே ஒரு தாங்கு வளையம் வைத்துத்தான் ரிங்கைப் போட வேண்டும். ரோட்டு வண்டிக்கு இரண்டுமே ஓடும். நான் தேர்ந்தெடுப்பது 5.7. காரணம் தத்துவம் அல்ல. ஆயில் ரிங்குக்கு அடியில் முழு உலோகம் இருக்கிறது, பிஸ்டன் விலையும் குறைவு.

கிராங்க் வார்ப்பு எஃகாக இருந்தால் இந்த அளவுக்குப் போதும். 4340 ஃபோர்ஜ்டு கிராங்க் சூப்பர்சார்ஜரோ நைட்ரஸோ வைக்கிறவருக்கு. ராட் வாங்கும்போதுதான் கண்ணைத் திறந்து வாங்க வேண்டும். பழைய பாணி ராடில் போல்ட்டின் தலை தோள்பட்டை மாதிரி வெளியே புடைத்திருக்கும். அது நேரே கேமைப் போய் இடிக்கும். கேப் ஸ்க்ரூ வைத்த, ஸ்ட்ரோக்கருக்கென்றே தோளைச் சரித்த ஐ-பீம் ராடாகப் பார்த்து வாங்கினால் அடுத்த கட்டத்தில் பாதி வேலை மிச்சம்.

பேலன்ஸ் விஷயத்தைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். 3.75 ஸ்ட்ரோக் கிராங்கின் எதிர் எடைக்கு பிளாக்குக்குள் இடம் போதாததால், 400-இல் மீதி எடையை முன்னால் இருக்கும் டாம்பரிலும் பின்னால் இருக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டிலும் வைத்தார்கள். இது வெளி பேலன்ஸ். இன்று கிட்டாக வரும் கிராங்க் வெளி பேலன்ஸாகவும் வரும், உள் பேலன்ஸாகவும் வரும். உள் பேலன்ஸ் கிராங்க்குக்கு 400-இன் டாம்பரைப் போட்டால் எஞ்சின் தட்டில் வைத்த டம்ளரையே கீழே தள்ளும். ஒரே துண்டு சீல் பிளாக்கில் இன்னொரு சிக்கல்: கிராங்க் உள் பேலன்ஸ் என்று எழுதியிருந்தாலும் பின் ஃப்ளெக்ஸ் பிளேட்டில் எடை வைத்ததே வேண்டியிருக்கும். டாம்பர், ஃப்ளெக்ஸ் பிளேட், கிராங்க், ராட், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு பேலன்ஸுக்கு அனுப்புங்கள். கிட் பேலன்ஸ் ஆகி வந்தது என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் அனுப்புங்கள்.

இடம் பிடிப்பது

பிளாக்கை ஸ்டாண்டில் தலைகீழாகத் திருப்பி, மெயின் பேரிங்குகளில் எண்ணெய் தடவி கிராங்கை உட்கார வையுங்கள். முதல் சிலிண்டரில் ரிங் இல்லாமல் பிஸ்டனையும் ராடையும் இறக்கி, கேப்பைப் போட்டு, டாம்பர் போல்ட்டில் ரெஞ்ச் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கட்டத்தில் 'டக்' என்று நிற்கும். பலத்தைக் காட்டாதீர்கள். ராட் போல்ட் பிளாக்கைத் தொட்ட இடம் அது.

தொடுகிற இடங்கள் மூன்று. ஆயில் பேன் பொருந்தும் விளிம்பின் உள்பக்கம், சிலிண்டரின் அடி விளிம்பு, அப்புறம் கேம். முதல் இரண்டும் பிளாக்கில் கல் பிடித்துச் சரிசெய்வது. தொட்ட இடத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, கிராங்கைக் கழற்றி, பேரிங் இருக்கைகளை டேப் ஒட்டி மூடி, கையில் பிடிக்கும் கிரைண்டரில் கார்பைடு பர் மாட்டிக் கொஞ்சமாக எடுங்கள். மறுபடி பொருத்துங்கள், சுற்றுங்கள், பாருங்கள். வேண்டிய இடைவெளி 60 தௌ, அதாவது ஒன்றரை மில்லிமீட்டர். நிமிர்த்திய பேப்பர் கிளிப் கம்பி ராட் போல்ட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் தடையின்றிப் போய் வந்தால் ஓரளவு சரி. முடிவாக 60 தௌ கம்பி கேஜால் சோதியுங்கள். அவசரப்பட்டு ஆழமாக எடுத்தால் சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் அறை மறுபக்கம் காத்திருக்கிறது. அது திறந்துகொண்டால் அந்த பிளாக் எடைக்குப் போட வேண்டியதுதான்.

இதே சோதனையை எட்டு சிலிண்டருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒன்றில் சரியாக இருந்தால் எல்லாவற்றிலும் சரி என்று நினைக்கக் கூடாது. மணலில் வார்த்த பிளாக். விளிம்பு எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருக்காது.

கேம் விஷயம் தந்திரமானது. கேமும் கிராங்கும் செயினால் கட்டப்பட்டவை. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. ராட் போல்ட் மேலே வரும் ஒரு தடவை கேமின் மூக்கு விலகியிருக்கும், அடுத்த தடவை எதிரே நிற்கும். ஆகவே நீங்கள் போடப்போகிற அதே கேமை, அதே டைமிங் செயினோடு, சரியான டிகிரியில் பொருத்திவிட்டு கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். வழக்கமாக நெருங்கி வருவது 1, 2, 5, 6-ஆம் சிலிண்டர் ராடுகள். இங்கே குறைந்தது 50 தௌ. போதவில்லையென்றால் ராட் போல்ட்டைத் தேய்க்காதீர்கள். எஞ்சினிலேயே அதிக இழுவிசை தாங்குகிற திருகு அது. அடி வட்டம் சிறிதாக்கிய கேம் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். அல்லது ராடை மாற்றுங்கள்.

பேனையும் ஆயில் பம்ப் பிக்கப்பையும் மறக்க வேண்டாம். பேனுக்கு உள்ளே தகடு தடுப்பு இருந்தால் ராடு அதையும் தட்டும். பிக்கப்பின் வாய் பேனின் தரையிலிருந்து 3/8 அங்குலம் உயரத்தில் நிற்க வேண்டும். பேனின் ஆழத்தையும் பிக்கப்பின் உயரத்தையும் தனித்தனியே அளந்து கழித்தால் தெரிந்துவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகே பிளாக்கைக் கடைசிக் கழுவலுக்கு அனுப்புவது. கல் பிடித்த தூள் ஒரு துளி ஆயில் பாதையில் இருந்தாலும் புது பேரிங் முதல் நாளே கீறும். கழுவி வந்ததையும் சுடுதண்ணீர், சோப்பு, பிரஷ் என்று நீங்களே இன்னொரு முறை கழுவி, போரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவல்.

கம்ப்ரெஷன் கணக்கு

பெரும்பாலான 383-கள் கெட்டுப்போகும் இடம் இது. 350-இல் நன்றாக ஓடிய பிஸ்டன், ஹெட் சேர்க்கையை அப்படியே கொண்டுவருவார்கள். ஸ்ட்ரோக் நீண்டால் ஒவ்வொரு சிலிண்டரும் கூடுதல் காற்றை உள்வாங்கி அதே சின்ன அறைக்குள் அமுக்கும். கம்ப்ரெஷன் தானாகவே ஏறிவிடும்.

எண்ணாகவே போட்டுப் பார்ப்போம். 383-இன் ஒரு சிலிண்டர் 784 சி.சி. ஹெட்டின் அறை 64 சி.சி. என்று வைப்போம். 39 தௌ தடிமன் கேஸ்கெட் 8.4 சி.சி. மட்டம் தட்டியபின் பிஸ்டனுக்கு மேல் மிஞ்சும் 5 தௌ இடைவெளி 1 சி.சி. வால்வ் பள்ளம் மட்டும் வெட்டிய தட்டை பிஸ்டனில் 5 சி.சி. மொத்தம் 78.4. 784-ஐயும் 78.4-ஐயும் கூட்டி 78.4-ஆல் வகுத்தால் 11.0. இதே ஹெட்டும் இதே பிஸ்டன் தலையும் 3.48 ஸ்ட்ரோக்கில் 10.3-தான். 11 என்பது இரும்பு ஹெட்டும் பங்க் பெட்ரோலும் உள்ள சரக்கு வண்டிக்கு ஆகாது. ஏற்றத்தில் கியர் இறக்காமல் மிதித்தால் நாக்கிங் ஆரம்பித்துவிடும். பிஸ்டன் தலையில் 16 சி.சி. குழி உள்ளதைப் போட்டால் மொத்தம் 89.4, கம்ப்ரெஷன் 9.8. இரும்பு ஹெட் என்றால் 9.5-ஐ ஒட்டி நிற்பது எனக்கு நிம்மதி. அலுமினிய ஹெட் வெப்பத்தைச் சீக்கிரம் கடத்துவதால் 10 வரை போகலாம். அமெரிக்க பங்க்கில் பிரீமியம் என்பது 91 முதல் 93. அது இரண்டு சோதனை முறைகளின் சராசரி எண். அந்தக் கணக்கில்தான் இதைச் சொல்கிறேன்.

குறைக்க நினைப்பவர்கள் கேஸ்கெட்டைத் தடிமனாக்கவோ பிஸ்டனைக் கீழே நிறுத்தவோ செய்வார்கள். செய்யாதீர்கள். பிஸ்டனின் தட்டைப் பகுதி ஹெட்டை நெருங்கி வந்து கலவையைப் பிதுக்கிக் கலக்குவதே நாக்கிங்கைத் தடுக்கும் பெரிய விஷயம். கேஸ்கெட்டும் மேல் இடைவெளியும் சேர்ந்து 40 தௌ அளவில் நிற்க வேண்டும். மேலே சொன்ன உதாரணத்தில் 44. 25 தௌ கீழே நிற்கும் பிஸ்டனோடு மட்டம் தட்டாமல் கட்டினால் இது 64 ஆகும். கம்ப்ரெஷன் குறைந்தும் நாக்கிங் கூடும் விசித்திரம் அப்போதுதான் நடக்கிறது. கம்ப்ரெஷனை பிஸ்டன் குழியால் குறையுங்கள், இடைவெளியால் அல்ல.

ஹெட்டும் கேமும்

ஹெட்டுக்கு எல்31 எஞ்சினில் வந்த வோர்டெக் ஹெட்டே மலிவில் சிறந்தது. வார்ப்பு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் 906 அல்லது 062. அறை 64 சி.சி., வால்வ் 1.94, 1.50. வாங்கும்போது வால்வ் சீட்டுகளுக்கு நடுவே விரிசல் பாருங்கள். இன்டேக் மேனிஃபோல்டு எட்டு போல்ட், பழையது பொருந்தாது. வால்வ் கைடு உயரமானதால் கம்பெனி ஸ்பிரிங்கோடு பெரிய லிஃப்ட் தாங்காது. 0.420 அங்குலத்தைத் தாண்டினாலே ரிடெய்னருக்கும் கைடு சீலுக்கும் நடுவே அளந்து பார்த்து, தேவையானால் கைடைக் கடைந்து ஸ்பிரிங்கை மாற்றச் சொல்லுங்கள்.

கேம் தேர்வில்தான் ஆசை அறிவை முந்தும். கணக்காகப் பாருங்கள்: 28 அங்குல டயர், 3.08 பின் ஆக்ஸில், ஓவர்டிரைவ் இல்லாத டர்போ 350 கியர்பாக்ஸ் என்றால் மணிக்கு 60 மைலில் எஞ்சின் 2,200 ஆர்.பி.எம். 3.73 ஆக்ஸில் என்றால் 2,700. 50 தௌ லிஃப்டில் 240 டிகிரி திறக்கும் கேம் விழிப்பதே 3,000 வாக்கில். நாள் முழுக்க நெடுஞ்சாலையில் அது தூங்கிக்கொண்டே பெட்ரோல் குடிக்கும். 218-க்கும் 224-க்கும் நடுவில் எடுங்கள். 350-இல் கரடுமுரடாக ஓடும் கேம் 383-இல் சாந்தமாகிவிடும். கூடுதல் கொள்ளளவு அதை விழுங்கும். நல்ல ஹெட்டோடு 400 எச்.பி.-உம் அதைவிடக் கூடுதலான பவுண்டு-அடி டார்க்கும் இந்தச் சேர்க்கையில் எட்டக்கூடியதே. டார்க் கன்வெர்ட்டரின் ஸ்டால் வேகம் 2,000 ஆர்.பி.எம்.-ஐச் சற்றுத் தாண்டினால் போதும்.

புது கேமும் புது ஹெட்டும் சேரும்போது வால்வ் பிஸ்டனை இடிக்குமா என்று பார்க்க வேண்டும். பிஸ்டன் தலையில் எண்ணெய் தடவிய களிமண்ணை ஒட்டி, ஹெட்டையும் கேஸ்கெட்டையும் போட்டு இரண்டு சுற்று சுற்றிக் கழற்றுங்கள். வால்வ் பதிந்த இடத்தைப் பிளேடால் நறுக்கி, மிக மெல்லிய இடத்தை அளந்தால் இன்டேக்கில் 80 தௌ, எக்ஸாஸ்ட்டில் 100 தௌ இருக்க வேண்டும்.

கார்புரேட்டருக்கு 383-ஐ 5,500-ஆல் பெருக்கி 3,456-ஆல் வகுங்கள். அதில் 85 சதவீதம் எடுத்தால் நிமிடத்துக்கு 520 கன அடிக் காற்று. 650 அளவுள்ள கார்புரேட்டரே மிகுதி. வண்டியோடு வந்த ராச்செஸ்டர் குவாட்ராஜெட் நல்ல நிலையில் இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். சின்ன முன் வாய்கள் மிச்சம் பிடிக்கும், பெரிய பின் வாய்கள் தேவைக்குத் திறக்கும்.

சேர்ப்பதும் முதல் ஓட்டமும்

பேரிங் இடைவெளிக்குப் பொது விதி: ஜர்னலின் ஒவ்வொரு அங்குல விட்டத்துக்கும் ஒரு தௌ. 2.45 மெயினுக்கு இரண்டரை தௌ, 2.10 ராடுக்கு இரண்டை ஒட்டி. பிளாஸ்டிகேஜ் இழையை நசுக்கிப் பார்த்தாலும் போதும். மைக்ரோமீட்டரும் டயல் போர் கேஜும் இருந்தால் உத்தமம். மேல் ரிங்கின் வாய் இடைவெளி போரின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் நாலரை தௌ, 4.030 போருக்கு 18. பிஸ்டன் இடைவெளி பிஸ்டனின் உலோகத்தைப் பொறுத்தது, அதன் பெட்டியில் வரும் தாளைப் பின்பற்றுங்கள். கம்பெனி போல்ட் என்றால் மெயின் கேப் 70 பவுண்டு-அடி. நான்கு போல்ட்டில் வெளிப்புறம் இரண்டும் 65. ஹெட் போல்ட்டும் 65. அவற்றின் துளைகள் தண்ணீர் அறைக்குள் திறப்பதால் திரெட்டில் சீலன்ட் கட்டாயம். ராட் போல்ட்டுக்கு ராட் தயாரித்தவர் சொல்வதே வேதம்.

எஞ்சினை வண்டியில் இறக்கியபின், ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஆயில் பம்ப்பை டிரில் மெஷினால் சுற்றி எண்ணெய் ஏற்ற வேண்டும். இதற்கு நீள ஸ்க்ரூ டிரைவர் கம்பியை மாட்டுகிறவர்கள் உண்டு. ஸ்மால் பிளாக்கில் அது சரிப்படாது. டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பே ஒரு ஆயில் பாதையின் சுவர். அது இல்லாவிட்டால் எண்ணெய் அந்த ஓட்டை வழியே பேனுக்கே திரும்பிவிடும். கழுத்து வளையம் உள்ள பிரைமிங் டூலையே போடுங்கள். வலப்பக்கமாகச் சுற்றுங்கள். பதினாறு ராக்கரிலும் எண்ணெய் கசியும்வரை நிறுத்தாமல், அவ்வப்போது கிராங்கைக் கால் சுற்று திருப்பிக்கொண்டே செய்ய வேண்டும்.

ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2. 5-க்கும் 7-க்கும் போகும் பிளக் ஒயர்கள் பக்கம் பக்கமாகப் படுக்கக் கூடாது. அடுத்தடுத்து வெடிப்பவை என்பதால் ஒன்றின் மின்சாரம் மற்றதில் தாவும். மொத்த டைமிங் பழைய பாணி இரும்பு ஹெட்டில் 34 முதல் 36 டிகிரி, வோர்டெக்கில் 32 முதல் 34. வேக்குவம் அட்வான்ஸைப் பிடுங்கிப் போடாதீர்கள். நெடுஞ்சாலையில் பெட்ரோலை மிச்சம் பிடிப்பதும் எஞ்சினைச் சூடாகாமல் காப்பதும் அதுதான். ஃபேன் ஷ்ரவுடு காணாமல் போயிருந்தால் இப்போதே தேடி வாங்குங்கள்.

ரோலர் கேம் என்றால் ஸ்டார்ட் செய்து கசிவு பார்த்துவிட்டு ஓட்டலாம். பழைய ஃப்ளாட் டேப்பட் கேம் என்றால் முதல் இருபது, முப்பது நிமிஷம் 2,000-க்கும் 2,500-க்கும் நடுவே மாற்றி மாற்றி ஓட வேண்டும். ஐடிலில் விடவே கூடாது. லிஃப்டருக்குத் தெறிக்கும் எண்ணெய் கிராங்க் வேகத்தில்தான் போகிறது. துத்தநாகமும் பாஸ்பரஸும் கூடுதலாக உள்ள பிரேக்-இன் ஆயில் ஊற்றுங்கள். ஸ்டார்ட் ஆகுமா ஆகாதா என்று நீண்ட நேரம் கிராங்க் செய்துகொண்டிருந்தால் கேமின் மூக்கில் தடவிய பேஸ்ட் வழித்துக்கொண்டு போய்விடும். ஆகவே கார்புரேட்டரில் பெட்ரோலும் டிஸ்ட்ரிபியூட்டரில் டைமிங்கும் முன்பே சரியாக இருக்க வேண்டும்.

ரிங் உட்கார, பாரம் ஏற்றாத வண்டியில் 30-இலிருந்து 50 மைல் வேகத்துக்கு அழுத்தி ஏற்றி, காலை எடுத்துத் தானாக இறங்கவிட்டு, மறுபடி ஏற்றுங்கள். ஒரே சீரான வேகத்தில் வெகுதூரம் ஓட்டுவது இந்தக் கட்டத்தில் நல்லதல்ல. ஆயில் பிரஷர் ஆயிரம் ஆர்.பி.எம்.-க்குப் பத்து பி.எஸ்.ஐ. என்ற கணக்கில் நின்றால் போதும். பெரிய பம்ப் போட்டு அதை உயர்த்தத் தேவையில்லை.

கேமை ஓட்டி முடித்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். 500 மைலில் இன்னொரு முறை. இரண்டு முறையும் ஃபில்டரை வெட்டித் திறந்து, உள்ளிருக்கும் காகித மடிப்பை வெயிலில் விரித்துப் பாருங்கள். முதல் ஃபில்டரில் மெல்லிய சாம்பல் பூச்சு இருந்தால் பயப்பட வேண்டாம். காந்தத்தில் ஒட்டுகிற ஊசி ஊசியான துகள் கேமும் லிஃப்டரும் தேய்கின்றன என்பதற்கு அடையாளம். காந்தத்தில் ஒட்டாமல் வெள்ளையாக மின்னினால் பிஸ்டனோ பேரிங்கின் மேற்பூச்சோ. செம்பு நிறம் தெரிந்தால் பேரிங் அடித்தகடு வரை தேய்ந்துவிட்டது. வண்டியை நகர்த்தாமல் பேனைக் கழற்றுங்கள்.